ஒரு ரிக்ஷா பாக்கியிருக்கிறது

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கும் மாணவ மாணவியருக்கு,



ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பீர்கள். ட்ரோனா, ரோபோ கையா, பேட்டரி காரா என்று குழுவுக்குள் பேச்சு நடக்கும். தலைப்பு முடிவாகிக் கையெழுத்து வாங்குவதற்குள் இந்தக் கடிதம் உங்களை எட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன். ஆள் ஏறிப்போகும் சைக்கிள் ரிக்ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சக்கரம், ஒரு செயின், மிதிக்கிறவர் ஒருவர். பார்க்க எளிமையாகத் தெரியும் அந்த வண்டியில் தீராத கணக்குகள் நிறைய இருக்கின்றன.

நான் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா சௌகார்பேட்டையில் கை ரிக்ஷா இழுத்தவர். 1973-ல் கலைஞர் அரசு கை ரிக்ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்ஷா கொடுத்தது. அப்பாவுக்கும் ஒன்று கிடைத்தது. அன்று எனக்கு ஒன்பது வயது. வாசலில் வந்து நின்ற வண்டிக்கு அம்மா மஞ்சள் குங்குமம் வைத்தார். அதுவரை இரண்டு கம்புகளுக்கு நடுவே வெறுங்காலோடு தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போனார். அந்த மாற்றத்தை யாராவது சிறிதாகப் பேசினால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஆனால் யானைகவுனி பாலத்து மேடு வந்தால் அப்பா சீட்டிலிருந்து இறங்கிவிடுவார். ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை சவாரி சீட்டின் கம்பியில். சவாரி உள்ளே உட்கார்ந்திருக்க, மேடு முடியும்வரை குனிந்து தள்ளுவார். பள்ளி விடுமுறை நாட்களில் பின்னாலிருந்து நானும் தள்ளியிருக்கிறேன். மிதித்தே ஏற்றக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். "எறங்குனாத்தான் ஏறும்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு இருபது வருடம் ஆயிற்று. நீங்கள் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவீர்கள். வண்டி 80 கிலோ, மிதிப்பவர் 55, சவாரி இருவரும் ஒரு பையும் 125 என்று வையுங்கள். மொத்தம் 260 கிலோ. நூறு அடிக்கு நான்கு அடி ஏறும் பாலத்தில், டயர் உராய்வையும் சேர்த்து, வண்டியை மேலே நகர்த்த ஏறத்தாழ 130 நியூட்டன் விசை வேண்டும். நம் ஊர்க் கறுப்பு சைக்கிளில் பரவலாக இருப்பது முன்னே 44 பல், பின்னே 18 பல். 28 அங்குலச் சக்கரத்தோடு அதே செட்டை ரிக்ஷாவில் மாட்டினால், மிதி ஒரு சுற்று வரும்போது வண்டி 5.4 மீட்டர் போயாக வேண்டும். அந்த மேட்டில் அதற்கு மிதியின் மேல் சராசரியாக 68 கிலோ கனத்துக்குச் சமமான அழுத்தம் தேவை. மிதிப்பவரின் எடையே 55 கிலோ. எழுந்து நின்று முழு உடம்பையும் ஒரு மிதியின் மேல் போட்டாலும் வண்டி ஏறாது. அப்பாவுக்குத் தெம்பு போதாமல் இல்லை. பல் சக்கரத்தின் அளவு தப்பு.

முன்னே 32, பின்னே 22 என்று மாற்றினால் அந்த 68 கிலோ 41 ஆகும். இரண்டிலும் 28 பல், அதாவது ஒன்றுக்கு ஒன்று என்று ஒரு கீழ் கியர் கொடுத்தால் 28 கிலோவுக்கு வந்துவிடும். வண்டி அப்போது நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊரும், ஊரட்டும். இரு சக்கர சைக்கிள் அந்த வேகத்தில் சாய்ந்துவிடும். மூன்று சக்கரத்துக்கு அந்தப் பயமே இல்லை. மலையேறும் சைக்கிளில்கூட வைக்கத் தயங்கும் கியரை இதில் தாராளமாக வைக்கலாம். மூன்று சக்கரத்துக்கு இயல்பாகவே கிடைத்த இந்த வசதியை நம் தெரு வண்டிகளில் பயன்படுத்தவில்லை என்பதை நினைத்து நான் பல ராத்திரி ஆற்றாமைப்பட்டிருக்கிறேன்.

சமதளத்துக்கு வாருங்கள். நாள் முழுக்க உழைக்கும் ஒரு மனிதரின் கால்களிலிருந்து விடாமல் எடுக்கக்கூடியது சுமார் 75 வாட். சரியாகச் சாப்பிடாதவராக இருந்தால் அதுவும் வராது. மேலே சொன்ன 260 கிலோவை நல்ல சாலையில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோக ஏறத்தாழ அவ்வளவுதான் வேண்டும். 10 கிலோமீட்டர் என்றால் 100 வாட்டைத் தொடும். டயரில் காற்று குறைந்தாலோ, அச்சு பேரிங்கில் கிரீஸ் வறண்டு மண் புகுந்தாலோ இந்தக் கணக்கு எளிதாக ஒன்றரை மடங்காகும். இந்த 75 வாட்தான் உங்கள் பட்ஜெட். ரூபாய் பட்ஜெட்டை நோட்டில் எழுதும்முன் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ரிக்ஷா என்றதும் உங்களில் பலர் எடையைக் குறைக்கத்தான் முதலில் ஓடுவீர்கள். குறைக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் 80 கிலோ வண்டியை 55 கிலோவாக்கினாலும் சவாரியோடு சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. சவாரியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் அந்த 25 கிலோ முழுசாகத் தெரியும். கூலியே இல்லாமல் மிதிக்கும் தூரம் அது. ஒரு நாளில் அந்தத் தூரம் எவ்வளவு என்று எந்த ரிக்ஷாக்காரரைக் கேட்டாலும் சொல்வார். எடையைக் குறைப்பதற்கு அதுதான் சரியான காரணம். மேட்டை எளிதாக்குவது கியர், சமதளத்தை எளிதாக்குவது டயரும் பேரிங்கும், திரும்பி வருவதை எளிதாக்குவது எடை. மூன்றையும் தனித்தனியே அளந்து பாருங்கள்.

பிரேக் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பழைய வண்டியில் பிரேக் முன்சக்கரத்தில் மட்டும் இருக்கும். கனமோ பெரும்பகுதி பின்சக்கரங்கள் இரண்டின் மேல். ஏறும்போது தள்ளிய அதே பாலத்தில் இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் கனமில்லாத முன்சக்கரம் வழுக்கும், கனத்தோடு பின்பக்கம் முட்டிக்கொண்டு வரும். அப்பா இறக்கத்தில் செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்துவார். வருடத்துக்கு எத்தனை ஜோடி செருப்பு என்று அம்மா கணக்கு வைத்திருந்தார். பின்சக்கரம் இரண்டிலும் பிரேக், வண்டியை நிறுத்திவைக்க ஒரு கைப்பூட்டு. இவை இல்லாத எந்த வடிவத்தையும் வரைபலகையிலேயே கிழித்துப் போடுங்கள்.

சக்கரம் கோட்டம் விழுவது இன்னொரு தலைவலி. சைக்கிள் திரும்பும்போது ஆளோடு சேர்ந்து உள்பக்கம் சாய்கிறது. அதனால் ரிம்மின் மேல் விசை நேராகவே இறங்கும். ஸ்போக்ஸ் கம்பிகள் அதைத் தாங்கத்தான் கட்டப்பட்டவை. ரிக்ஷா சாய்வதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் சக்கரத்தைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கிறது. சைக்கிள் சக்கரத்தையே எடுத்து ரிக்ஷாவில் மாட்டிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை கோட்டம் எடுக்கக் கடையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அகலமான குடம், குறுகிய விட்டம், தடித்த கம்பி என்று இந்தச் சக்கரத்துக்கென்றே ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். விட்டம் குறைந்தால் குழியில் அதிர்வு கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பின்சக்கரம் இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கினால் திருப்பத்தில் டயர் தேய்கிறது. ஒன்றை மட்டும் இறுக்கி மற்றதை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. இதற்குத் தீர்வு உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, டிஃபரன்ஷியல். காரோடு வந்த கருவி என்று நினைத்திருப்பீர்கள். 1877-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி அதற்குக் காப்புரிமை வாங்கியது காலால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டிக்காக. பெட்ரோல் கார் அப்போது சாலைக்கே வரவில்லை. மிதிவண்டியில் ஓடிய பொருளைப் பிறகு கார்களும் எடுத்துக்கொண்டன, நம் ரிக்ஷாவுக்கு மட்டும் அது வந்து சேரவேயில்லை. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு ஃப்ரீவீல் வைத்து அதே வேலையை மலிவாகச் செய்ய முடியுமா என்று பாருங்கள். நான் முயன்றேன். பாதிதான் வந்தது.

சவாரி சீட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஏறிப் போகிற பாட்டிமார்களிடம் கேளுங்கள். படி உயரம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, முன்னால் சரியாத இருக்கை, மூன்றையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இருக்கையைத் தாழ்த்தினால் திருப்பத்தில் வண்டி கவிழும் அபாயமும் குறையும். மேல்கூண்டு வெயிலுக்கும் மழைக்கும் வேண்டும். ஆனால் சென்னையில் பிற்பகல் கடல்காற்று எழும்பியதும் விரித்த கூண்டு பாய்மரம் மாதிரி எதிர்த்து நிற்கும். சவாரியிடம் கெஞ்சிக் கூண்டை மடக்கச் சொல்லும் ரிக்ஷாக்காரரை நான் பார்த்திருக்கிறேன். காற்று ஊடுருவிப் போகும் ஒரு கூண்டு இருந்தால் அந்தக் கெஞ்சல் தேவைப்படாது.

இவ்வளவும் தெரிந்த குறைகள்தானே, தெருவில் ஓடும் வண்டிகளில் ஏன் இன்னும் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். என் கடிதத்தின் மையமே இந்தக் கேள்விதான். அதற்கு அப்பாவின் கதைக்கே திரும்ப வேண்டும்.

அரசு கொடுத்த வண்டி அப்பாவின் சொந்த வண்டி. வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு சைக்கிள் கடைக்காரர், அப்பாவின் சிநேகிதர், பாலத்தில் அவர் படும் பாட்டைப் பார்த்து, பழைய லேடீஸ் சைக்கிளிலிருந்து கழற்றிய சின்னப் பல் சக்கரத்தை முன்னால் மாட்டிக் கொடுத்தார். கூலி ஒரு டீ. அதன்பிறகு அப்பா பாலத்தில் பாதி தூரம் மிதித்தே போனார். சில வருடங்களில் அந்த வண்டி துருப்பிடித்து இற்றுப்போயிற்று. அடுத்த வண்டி நாள் வாடகைக்கு. அதிலும் சின்னப் பல் சக்கரம் போட்டுக்கொள்ளலாமா என்று அப்பா வண்டிச் சொந்தக்காரரிடம் கேட்டார். "வண்டியில கை வைக்காதே" என்று பதில் வந்தது. அப்பா மறுபடி பாலத்தின் அடியிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்தார்.

அந்தச் சொந்தக்காரர் மேல் எனக்கு இப்போது வருத்தமில்லை. பாலத்தில் அவர் ஏறப்போவதில்லை. வண்டி கனமாக இருந்தாலும் அவருக்கு வரும் வாடகை அதேதான். விலை குறைந்ததை வாங்குவது அவருக்கு நியாயம். மிதிப்பவருக்கோ நல்லதை வாங்கக் கையில் காசில்லை. காசு போடுகிறவர் ஒருவர், முட்டி தேய்கிறவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை எந்த நல்ல வடிவமும் கடைக்கு வராது.

நீதிமன்றங்கள்வரை போன விவகாரம் இது. சொந்த வண்டியைத் தானே மிதிப்பவருக்கு மட்டுமே உரிமம் என்று பஞ்சாப் 1975-ல் சட்டம் போட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சொந்த வண்டி இல்லாத தொழிலாளிகள் ஒரே நாளில் பிழைப்பில்லாமல் நிற்கும் நிலை வந்தது. 1980-ல் அவர்களின் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் சட்டத்தை ரத்து செய்யாமல், வங்கிக் கடன் வாங்கி அவர்களே வண்டிக்குச் சொந்தக்காரர் ஆவதற்கு வழி செய்தார். டெல்லியில் 99,000 ரிக்ஷாவுக்கு மேல் உரிமம் கிடையாது என்று வைத்திருந்த உச்சவரம்பை 2010-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. மாணவர்களுக்கு வழக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். வண்டி யாருடையது என்ற கேள்விக்கும் வண்டியில் எத்தனை பல் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் உறவு இருக்கிறது. அதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

உங்களுக்கு முன்னால் முயன்றவர்களையும் படியுங்கள். தாஜ்மகாலைச் சுற்றிப் புகை விடும் வண்டிகளைக் கட்டுப்படுத்திய பிறகு, 1990-களின் பிற்பகுதியில் ஆக்ராவில் குழாய்ச் சட்டத்தில் எடை குறைந்த புது ரிக்ஷா ஒன்றை உருவாக்கினார்கள். அங்குள்ள பட்டறைகளே செய்யக்கூடியது என்பதால் அது மற்ற ஊர்களுக்கும் போயிற்று. மகாராஷ்டிரத்தின் பல்டனில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனில் ராஜ்வன்ஷி கியரும் பின்சக்கர பிரேக்கும் வைத்து ரிக்ஷாவைத் திருத்திக் காட்டினார். ஐ.ஐ.டி. படிப்பும் அமெரிக்க டாக்டர் பட்டமும் உள்ளவர், இந்த வண்டிக்குத் தன் காலத்தைக் கொடுத்தார். 2004-ல் குவாஹாட்டியில் பிரதீப் குமார் சர்மா என்ற கால்நடை மருத்துவர் தொடங்கிய ரிக்ஷா வங்கியை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். வாடகை கொடுக்கிற மாதிரி நாள்தோறும் தவணை கட்டினால் கடைசியில் வண்டி மிதிப்பவருக்கே சொந்தம். அந்த வண்டியை வடிவமைத்துக் கொடுத்தது ஐ.ஐ.டி. குவாஹாட்டி. வடிவமும் கடனும் கைகோத்து வந்த இடம் அது.

துர்காபூரிலுள்ள ஓர் அரசு ஆய்வகம் செய்து 2008-ல் டெல்லியில் ஓடவிட்ட சூரிய சக்தி ரிக்ஷாவையும் பாருங்கள். ஆர்ப்பாட்டமாகத் தொடங்கியது, தெருவில் நிலைக்கவில்லை. மூலைப் பட்டறையில் பழுது பார்க்க முடியாத எதுவும் இந்தத் தொழிலில் நிலைக்காது என்பது என் அனுபவம். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் மாணவர் வண்டிகளைப் பார்வையிட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் பரிசு வாங்கிய ரிக்ஷாவில் சோலார் பலகை இருந்தது, திரை இருந்தது, செல்போன் சார்ஜ் போடும் வசதி இருந்தது. மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்துக் காட்டச் சொன்னேன். செய்த மாணவராலேயே நகர்த்த முடியவில்லை. அவர்கள் புத்திசாலிப் பிள்ளைகள். மிதிப்பவரின் காலைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பேட்டரி ரிக்ஷா வந்துவிட்ட காலத்தில் மிதிவண்டி எதற்கு என்று உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்கலாம். மோட்டாரை நான் எதிர்க்கவில்லை. மேட்டுக்கு மட்டும் கைகொடுக்கும் ஒரு சிறிய மோட்டார் வந்தால் முதலில் சந்தோஷப்படுபவன் நான். ஆனால் கோணலான சேஸிஸில், பின்பிரேக் இல்லாத வண்டியில் மோட்டாரை மாட்டினால் ஆபத்துதான் வேகமாக ஓடும். பேட்டரி செத்து மாற்றக் காசில்லாத மாதத்தில் அந்த வண்டி மூலையில் நிற்கும். மிதித்தாலே நன்றாக ஓடும் வண்டிக்கு மோட்டார் ஒரு துணை. அந்த முறையில் போங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் மருத்துவமனைக்கோ சந்தைக்கோ போய்வர ஆட்டோவுக்குக் காசு கொடுக்க முடியாதவர்களும், ஆட்டோ நுழையாத சந்துகளும் இன்னும் இருக்கின்றன.

மனிதரை மனிதர் மிதித்துச் சுமப்பது தகுமா என்ற கேள்வியையும் உங்களிடம் கேட்பார்கள். கை ரிக்ஷாவை ஒழித்தது சரி என்று, அதை இழுத்தவரின் மகனாகச் சொல்கிறேன். சைக்கிள் ரிக்ஷா ஓட்டியதை அப்பா ஒருநாளும் அவமானமாகச் சொன்னதில்லை. மேட்டில் இறங்கியதைத்தான் சொன்னார். அதுவும் வீட்டில், கால் முட்டிக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே. அவரை அங்கே இறங்கவைத்தது திருத்தியிருக்கக்கூடிய ஒரு பல் சக்கரம்.

இனி என் கோரிக்கை. முழுப் புது வண்டி வரைய வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஒரு மாலையில் கழற்றி மாட்டக்கூடிய உறுப்புகளாகச் செய்யுங்கள். இரண்டு கியருள்ள ஒரு செட், பின்சக்கர பிரேக் ஒரு ஜோடி, மண் புகாத அச்சு பேரிங். ஒவ்வொன்றும் தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாமானால் ஆகியிருக்க வேண்டும், ஸ்பானரும் சுத்தியலும் கொண்டே மாட்ட முடிய வேண்டும். வாடகை வண்டியானால், கழற்றும்போது பழைய நிலைக்கே திரும்ப வேண்டும். அப்போதுதான் சொந்தக்காரர் கை வைக்கவிடுவார். விலை என்ன, எத்தனை நாள் வருமானத்தில் அது திரும்பி வரும் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

கணினியில் கோடு போடும் முன் ஒரு ரிக்ஷாக்காரருக்கு அரைநாள் வருமானத்தைக் கொடுத்துவிட்டு அவரைப் பின்னால் உட்காரவையுங்கள். அவர் பக்கத்தில் உங்கள் தோழர் ஒருவர் உட்காரட்டும். நீங்கள் மிதியுங்கள். ஒரு பாலம் ஏறி இறங்குங்கள். மாணவியரும் மிதிக்க வேண்டும், 50 கிலோ எடையுள்ள ஒருவரால் ஏற்ற முடிகிறதா என்பதுதான் சரியான சோதனை.

வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னக் கொட்டகை இருக்கிறது. வெல்டிங் செட், வைஸ், ஒரு பழைய ரிக்ஷா சேஸிஸ், நான் பாதியில் விட்ட இரட்டை ஃப்ரீவீல் எல்லாம் அங்கே கிடக்கின்றன. உங்கள் கல்லூரிக்குப் பக்கத்திலும் இப்படி ஓய்வு பெற்ற பயிற்றுநர்கள் வேலைக்கு ஏங்கிக்கொண்டு இருப்பார்கள், தேடிப் போய்க் கேளுங்கள். கூலி கேட்க மாட்டோம். வரும்போது முன்னே 28 பல், பின்னே 28 பல் என்று ஒரு செட் வாங்கி வாருங்கள். முதலில் அதை மாட்டி மேடு ஏறிப் பார்ப்போம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வெல்டிங் பயிற்றுநர் ஒருவர்
வடசென்னை